தலைகீழ் ஒன்பது

உள்ளே லூயிஸைப் பெட்டியில் கிடத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவன் அண்ணன் சவரிநாதன் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே குனிந்திருந்தார்.

"சாவு வூட்டுல செய்ற வேலையா இது?" என்று ஒருத்தி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

சவரிநாதன் நிமிரவில்லை. செய்யச் சொன்னதே செத்தவன் பெண்டாட்டி வியாகுலம்மாள்தான்.

அரைமணி நேரத்துக்கு முன்னால் வண்டி முதலாளி எத்திராஜ் மாலையோடு வந்தார். கூடவே டோல்கேட் மெக்கானிக் வேலப்பன். யுத்தம் முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன எட்டு சிலிண்டர் வண்டி அது. ஆறு வருஷமாக லூயிஸ்தான் பார்த்து வந்தான். மார்ச்சளியில் அவன் படுத்த இருபது நாளாக அது வேலப்பன் கைக்குப் போயிருந்தது. வேலப்பனுக்கு வாய் சும்மா இராது. மாலை போட்ட கையோடு, பந்தலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான்:

"ரெண்டு பக்க ஹெட்டும் ரெண்டு சாதி, மொதலாளி. ஒரு காலுக்கு பூட்ஸு, ஒரு காலுக்கு செருப்பு. நல்லத கயட்டி வித்துட்டு எதையோ மாட்டி வெச்சிக்கிறான் மனுசன். செத்துட்டான், இன்னா பண்றது."

ஹெட் என்றால் இன்ஜினின் தலை. இந்தப் பக்கம் நாலு சிலிண்டர், அந்தப் பக்கம் நாலு சிலிண்டர், மேலே மூட இரண்டு கனத்த இரும்பு மூடிகள். ஜோடி மாறக் கூடாது.

வியாகுலம்மாளின் அழுகை நின்றுவிட்டது. எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மாமா, நீங்க பாருங்க. திருடன்ற பேரோட அவர தூக்க வுட மாட்டேன். மணி அடிச்சாலும் செரி, சாமியாரே வந்து நின்னாலும் செரி."

நாலு மணிக்குக் கோவில் மணி அடித்ததும் பெட்டியைத் தூக்க வேண்டும். அப்போது மூன்றேகால்.

சவரிநாதன் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பால்காரன் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் அதிலும் ஏதோ சூது இருக்கிறது என்பார். ஹார்பரில் சம்மட்டி அடித்து ஓய்ந்தபின் தம்பியின் ரிப்பேர் ஷெட்டில்தான் எடுபிடி வேலை செய்தார். அந்தத் தம்பியையும் பாதிதான் நம்பினார். வேலப்பன் சொன்னதைக் கேட்டதும் 'செய்திருப்பானோ' என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வேலப்பன் பிளக்குகளைக் கழற்றி மட்கார்டு மேல் வரிசையாக வைத்தான். நாலு வெளுத்துக் கிடந்தன. நாலு கரி அப்பிக் கிடந்தன.

"பாத்துக்கோ நைனா. ஒரே பெட்ரோலு, ஒரே காத்து. இந்தாண்ட ஒரு மாரி எரியுது, அந்தாண்ட ஒரு மாரி எரியுது."

இரண்டு ஹெட்டிலும் வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தது. போன வருஷம் ஈஸ்டர் சமயத்தில் லூயிஸ் பூசியது. இன்ஜினுக்கு எதுக்குடா பவுடர் என்று சவரிநாதன் கேட்டார். "அழகா இருக்கட்டும்ணா," என்றான். இப்போது நினைத்தால் வேறு மாதிரி பட்டது. மறைக்கிறவன்தான் பூசுவான்.

கத்தி முனையால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்து, இரும்போடு வார்த்த நம்பர் புடைத்துக்கொண்டு வந்தது. மறுபக்கமும் சுரண்டினார்.

"படி நைனா. நான் சொன்னா நம்ப மாட்ட. நீயே வாய் வுட்டு படி."

அறுபத்திரண்டு வயதில் அவரிடம் மிச்சமிருந்த மானம் ஒன்றுதான். எழுத்து தெரியாது என்பது ஒருத்தருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுப் புத்தகத்தின் இடது ஓரத்தை அவர் பிடிப்பார், வலது ஓரத்தை லூயிஸ் பிடிப்பான். பக்கம் எடுப்பது அவன். வாயசைப்பது இவர்.

விரலால் தடவினார். இந்தப் பக்கம் மேலே வட்டம், கீழே வால். அந்தப் பக்கம் கீழே வட்டம், மேலே வால்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு பக்க ஹெட் வெடித்து விரிசல் விட்டுவிட்டது. மறுநாள் காலை கல்யாணத்துக்கு வண்டி போயாக வேண்டும். லூயிஸ் ஒரு சிகரெட் அட்டையில் நம்பரை வரைந்து கொடுத்தான். "ணா, யானைக்கவுனிக்கு போயி இதே மார்க்கு போட்டது வாங்கியா." அட்டையை மடியில் செருகிக்கொண்டு போனார். பழைய இரும்புக் குவியலுக்கு முன்னால் நின்று எடுத்துப் பார்த்தார். எது மேல் எது கீழ் என்று அட்டை சொல்லவில்லை. வட்டமும் வாலும் பொருந்தியதை ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார். லூயிஸ் ஹெட்டைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"செரிணா," என்றான்.

"இன்னா நைனா, கண்ணு தெரிலயா?" என்றான் வேலப்பன்.

சவரிநாதன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தம்பி ஷெட்டுக்குள் போனார். வெடித்த ஹெட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாக அதன்மேல் நின்ற பானையிலிருந்துதான் தண்ணீர் மொண்டு குடித்தார். பானையை இறக்கிவிட்டு, அந்த இரும்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிவந்து, பந்தலில் எத்திராஜ் காலடியில் போட்டார்.

"அவன் இத்த விக்கல. பானைக்கு அடியில கெடந்துது. பாத்துக்கோங்க."

வேலப்பன் உட்கார்ந்து புரட்டினான். நகத்தை விரிசலில் ஓட்டினான்.

"வெடிச்சிதான் கீது. ஒம்போதாம் நம்பரு." அவன் அத்தோடு விடவில்லை. "அப்போ தெரிஞ்சிகினே ஆறாம் நம்பர மாட்டி மொதலாளிய ஏமாத்தினானா? அதுக்கு மேல பெயிண்டு வேற."

எத்திராஜ் சவரிநாதனைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற வியாகுலம்மாளும் அவரைத்தான் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. கோவிலில் முதல் மணி விழுந்தது.

"வாங்கியாந்தவன் நானு," என்றார் சவரிநாதன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "எனக்கு எழுத்து தெரியாது. நம்பரும் தெரியாது. அட்டைய கவுத்து புடிச்சிட்டேன். அத்த அவன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எங்கிட்டயே சொல்லல."

இரண்டாவது மணி விழுந்தது. வேலப்பன் தலை குனிந்து கையிலிருந்த கரியைத் தேய்த்தான்.

"வுடு வேலப்பா," என்றார் எத்திராஜ். "ஒரு வருசமா ஓடிகினுதான கீது."

வியாகுலம்மாள் படியிலிருந்து இறங்கவில்லை.

"நீங்க யானைக்கவுனி போயி வந்தீங்களே, அன்னிக்கா மாமா?"

"ஆமா."

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து தனியா சிரிச்சிகினு இருந்தாரு. இன்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்லடி, சோத்த போடுன்னாரு."

அவள் உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். லூயிஸின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"தூக்குங்க," என்றாள்.

தூக்குவதற்கு மூன்று பேர் வந்தார்கள். நாலாவதாக வேலப்பன் வந்து நின்றான்.

"கைய கழுவிகினு வாடா," என்றார் சவரிநாதன்.

அவன் போய்க் கழுவிக்கொண்டு வந்தான்.

பந்தலில் இருந்த உபதேசியார் ராசையா தெருவில் பாட்டுப் புத்தகங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். சவரிநாதனிடம் வந்தபோது உபதேசியார் கை ஒரு நொடி தயங்கி, அடுத்த ஆள் பக்கம் திரும்பியது. சவரிநாதன் கையை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். ஏதோ ஒரு பக்கத்தைத் தானே விரித்தார். எப்போதும் பிடிக்கிற மாதிரி இடது ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தார். கடற்காற்று நேராக அடித்தது. வலது பக்கத் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தன.