வெட்டிய பிரேக் வயர்

மாப்பிள்ளை ட்ரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, அதன் மூக்கை ஒரே கையால் தூக்கிக் காட்டினார். "பார்த்தீங்களா மச்சான், பூ மாதிரி இருக்கு. எப்படி லோடு ஏத்தியிருக்கேன்."

மச்சானான மெக்கானிக் குனிந்து ட்ரெய்லருக்குள் பார்த்தார். அது பூவாக இருக்கக் கூடாது. ஆயிரம் கிலோ ட்ரெய்லர் என்றால் கொக்கியின்மேல் நூறு, நூற்றைம்பது கிலோவாவது அழுத்த வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் பாரம் இருந்தால் ட்ரெய்லர் பிக்கப்பின் பின்னால் அடக்கமாக வரும். பின்னால் குவிந்தால் சின்னக் காற்றுக்கே வால் ஆடும். ஆடுகிற வால் பிக்கப்பையும் பிடித்து உலுக்கும். மாப்பிள்ளையோ பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் கடைசியில் நிறுத்தி, முன்னால் தலையணைகளை அடுக்கியிருந்தார். இறக்கும்போது வசதியாம்.

வீடு மாற்றுகிறார்கள். மதியத்துக்குள் மலை இறங்க வேண்டும். பிக்கப்பில் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அண்ணன் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று ஷெட்டுக்குத் திருப்பச் சொன்னது தங்கைதான். அதற்கு அப்பா வழியெல்லாம் முணுமுணுத்ததைப் பெரியவள் மாமாவிடம் போட்டுக்கொடுத்தாள்.

மெக்கானிக் ட்ரெய்லரைத் திரும்ப மாட்டி, பிக்கப்பை மெல்ல ஓட்டி, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கைப்பிடியை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கி, கீழே படுத்துப் பார்த்தார். சக்கர டிரம்முக்குள் ஒரு காந்தம் உண்டு. மின்சாரம் வந்தால் அது டிரம்மைக் கவ்வும், அந்த இழுப்பில் பிரேக் கட்டை விரியும். மின்சாரம் வரவேண்டிய வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தது. பசை உருகி, தூசியும் மயிரும் ஒட்டி, விரலில் பிசுபிசுத்தது. துணியில் மூன்று முறை துடைத்தும் அருவருப்பு போகவில்லை.

காலி ட்ரெய்லரை இழுக்கும்போது வெடுக் வெடுக்கென்று பிடித்ததாம். தொல்லை என்று நாலு மாதத்துக்கு முன்பே கத்தரித்துவிட்டாராம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. காலி வண்டிக்குக் குறைத்து, பாரத்துக்குக் கூட்டினால் போதும். அதைத் திருப்பச் சோம்பல்பட்டு பிரேக்கையே அறுத்திருக்கிறார்.

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே மச்சான்."

மெக்கானிக் வேலையில் இறங்கினார். வயரைச் சேர்த்தார். பீரோவையும் ஃபிரிட்ஜையும் முன்னால் தள்ளி இறுக்கிக் கட்டினார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கைப்பிடியை அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை குமிழைக் கூட்டி, பிறகு துளி குறைத்தார். எதற்கு என்று தங்கைக்கு விளக்கினார். அவள் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை நிழலில் நின்று போன் பார்த்தார்.

கடைசியில் அவர் ஏறி, கேட்வரை போய் பிரேக் போட்டார். ட்ரெய்லர் லேசாகப் பிடித்து இழுத்தது. "பழையபடி ஆரம்பிச்சுடுச்சு" என்று குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினார்.

தங்கை கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருத்தராக இறக்கினாள். "நாங்க பஸ்ல வர்றோம். நீங்க உங்க பீரோவோட வாங்க."

"இதுக்கெல்லாம் கோவமா?"

மெக்கானிக் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவினார். "பஸ்ல போகப்போறது நீங்க, மாப்பிள்ளை. ஸ்டாப் எதிர்லதான். கீழ உங்களை மாதிரி எத்தனையோ குடும்பம் ரோட்ல வருது."

மாப்பிள்ளை முனகிக்கொண்டே இறங்கினார். சீட்டில் அவருடைய வியர்வை ஈரமாகப் படிந்திருந்தது. மெக்கானிக் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, குமிழைத் திரும்பக் கூட்டினார்.