பொட்டு வைத்த ஸ்க்ரூ டிரைவர்

மலேசியாவின் பெம்பானில், எஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையில், திலகவதியின் ஸ்க்ரூ டிரைவர் மூன்றாம் முறையாகத் தானே நடந்து எதிர்வீட்டு இந்திராதேவியிடம் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. நடந்து போனது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இந்திராதேவி எடுத்துவிட்டாள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் ரைஸ் குக்கரில் ஆரம்பித்தது. இந்திராதேவியின் குக்கரைப் பார்த்த கடைக்காரர், புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பதினாறு வருடம் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் பற்றவைத்தவளுக்கு அது பொறுக்கவில்லை. பிளையர், டெஸ்ட் பென், மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டாள். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் திலகவதியிடம் வாங்கிய இரவல். சரஸ்வதி பூஜையன்று டின்னில் இருந்ததையெல்லாம் சாமி படத்தின் முன் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது, இரவல் பொருளைத் தனியே எடுத்து வைக்க மறந்துபோனாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். மறுநாள் பொட்டோடு திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அது டின்னில் கிடந்தது.

பிறகு அடுத்த வீட்டுச் சுத்தியல் வந்தது. கோடி வீட்டு ஸ்பேனர்கள் குடும்பத்தோடு வந்தன. அவற்றுக்கெல்லாம் பிறந்ததிலிருந்து யாரும் பொட்டு வைத்ததில்லை. கொண்டுபோய்க் கொடுக்கக் கொடுக்கச் சந்தேகம்தான் கூடியது. திலகவதி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியில் நகப்பூச்சால் அடையாளம் போட்டு அலமாரியில் பூட்டினாள். மகளின் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தவள், இந்திராதேவி வீட்டை மட்டும் விட்டுவிட்டு வரிசை முழுக்க அழைத்தாள். பதினொரு வருடச் சிநேகம். இந்திராதேவி குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

காதுகுத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திலகவதி இந்திராதேவி வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் தானே இழுத்துச் சாத்திவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நீ எங்கயும் போவாத. ஒங் கையயே பாத்துக்கிட்டு இருக்கப் போறேன்."

"இருங்கக்கா. நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

மூன்று மணிக்கு மழை விட்டது. திலகவதி வீட்டுக் கதவிடுக்கு வழியாக ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது, கைப்பிடியில் நகப்பூச்சோடு. லாரி ஒன்று போகட்டும் என்று ஓரமாக நின்றது. வாசலோர லோங்காங் சாக்கடையில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே எட்டில் தாண்டியது. சாத்திய கேட்டில் ஏற முடியாமல் இரண்டு தரம் வழுக்கி விழுந்தது.

திலகவதி எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.

"எம்மேலதான் தப்பு இந்திரா," என்றாள், திரும்பாமலே. "நாளைக்குக் காலையிலயே வந்துரு லா. நீ வந்தாதான் காது குத்துவேன்."

இப்போது அந்த வரிசையில் யாரும் கேட்டை முழுதாகச் சாத்துவதில்லை. ஒரு சாண் விட்டே சாத்துகிறார்கள்.