ஆறாவது சக்கரம்

இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் அவள் கணவன் கைப்பேசியில் கடிகாரத்தைத் தட்டிவிடுவான். எழுந்தால் நிறுத்துவான். கழிவறைக்குப் போனாலும் நிறுத்துவான். இந்த நேர்மையில் பாதியைத் துணி மடிப்பதில் காட்டியிருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

மேசையில் இருந்தது அவன் செய்துகொண்டிருந்த ஒரு மாதிரி டேங்க். நிஜ வண்டியின் அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினால் அவற்றின் மேல் நின்றுவிடும். அந்த இரண்டு உள்ளங்கை வண்டிக்காக மூன்று மாதமாகக் கணவனும் மனைவியும் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். அவளுடைய புருவ இடுக்கி மேசைக்குக் குடிபோய்விட்டது. வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை. சக்கரங்களைச் சுற்றி, பக்கத்துக்குத் தொண்ணூறு கண்ணிகள் என்று இரண்டு சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணியையும் தனியாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, கோத்திருந்தான். ஒரு நாள் ஒரு கண்ணி காணாமல் போய், இருவரும் குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேடினார்கள். அது அவள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக் கூடம்வரை வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தது. அன்றிலிருந்து அங்கே உடன் வேலை செய்பவர்கள் அவனை மேஜர் என்றே விசாரித்தார்கள்.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கை நடுங்காது. பிரச்சினை கையில் இல்லை. அவள் அப்பாவிடம் இருந்தது.

அப்பா பட்டாளத்தில் டேங்க் ஓட்டியவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்த மனிதர், பையன் டேங்கைப் பற்றிக் கேட்டதும்தான் முகம் மலர்ந்தார். அன்றிலிருந்து மாமாவும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் நேரம் போவது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய படைப்பிரிவினர் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். வரவேற்பு மேசையில் இந்த டேங்கை வைக்க அவனே பேசி ஏற்பாடு செய்துவிட்டான். கீழே ஒரு அட்டையில் அப்பாவின் பெயர். பெயருக்குக் கீழே, ஓட்டுநர்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அப்பா டேங்க் ஓட்டியதே இல்லை. அவர் பண்டகசாலையில் இருந்தவர். போர்வை, பூட்ஸ், பிஸ்கட் டின் ஆகியவற்றை எண்ணிக் கொடுத்தவர். அவளுக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் அடுப்படியில் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொல்லிக்கொண்டு போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றாள். அவளும் சரி என்றுவிட்டாள். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் கணவனிடம் மூச்சு விடவில்லை.

நஷ்டம் இப்போது இரண்டு உள்ளங்கை அளவில் மேசை மேல் நின்றது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது நிஜமாகவே ஓட்டியவர்கள். வண்டி மண்டபத்துக்குப் போனால் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும். அப்பாவுக்கும் அது தெரியும். அதனால்தான் வண்டி முடிய முடிய, அதை முடியவிடாமல் அவருக்குப் புதுசு புதுசாக ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

முதலில் முன்விளக்கு ஒன்றுதான் என்றார். அவன் ஒன்றைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, தேய்த்து, மறுபடி வண்ணம் அடித்தான். அடுத்த வாரம் இரண்டுதான் என்றார். ஓட்டுநர் உள்ளே இறங்கும் மூடி இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் என்றார். இந்த வேலையில் எதையும் சும்மா மாற்றிவிட முடியாது. ஒரு மூடியை நகர்த்தினால் அடிவண்ணம், மேல்வண்ணம், துரு, சேறு என்று எல்லாப் பூச்சையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் காய ஒரு நாள். படங்களில் மூடி இடப்பக்கம்தானே இருக்கிறது என்று அவள் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் அவளைப் பாவமாகப் பார்த்தான்.

"படத்துல இருக்கிறது கம்பெனி வண்டி. மாமா ஓட்டினது சண்டைக்குப் போன வண்டி. எதை நம்பச் சொல்ற?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, உன் வீட்டுக்காரரை வாயை மூடச் சொல் என்றாள். உன் வீட்டுக்காரரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல் என்று அம்மா பதில் கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அப்பாவிடமே கேட்டபோது அவர் பேச்சைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் திருப்பினார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டால் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மட்டும் ஒரு தடவை முனகினார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளால் அழுத்திப் பேச முடியவில்லை. அப்பாவைக் காப்பாற்றினால் கணவன் முட்டாளாவான். கணவனைக் காப்பாற்றினால் அப்பா ஒன்றுமில்லாதவராவார். நடுவில் தான் ஒருத்தி மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வண்டி முடிந்திருந்தது. சங்கிலியில் காய்ந்த சேறு, புகைக்குழாயில் கரி, பின்னால் சுருட்டி வைத்த இழுவைக் கம்பி. இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் அவளுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அம்மா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, சக்கரம் எத்தனை வச்சிருக்கீங்க?"

"பக்கத்துக்கு அஞ்சு, மாமா."

"ஆறு இருக்கணுமே."

ஆறு சக்கரம் என்றால் சங்கிலி நீளும்; சங்கிலி நீண்டால் உடம்பு நீளும்; உடம்பு நீண்டால் அது வேறு வண்டி. ஓட்டாதவருக்குக்கூட இது தெரிந்திருக்க வேண்டும். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல், தப்பான வண்டியைக் கொண்டுபோய் வைத்தால் சிரிப்பார்கள், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவன் கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். படத்தைக் காட்டிச் சண்டை போட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான்தான் ஆரம்பத்துலேயே சரியாக் கேட்டுக்கல, மாமா. அவசரப்பட்டுட்டேன்."

இன்னும் நேரம் இருக்கிறது என்றான். உதிரிப் பெட்டியில் சக்கரங்கள் கிடக்கின்றன, உடம்பை நடுவில் அறுத்துக் கொஞ்சம் நீட்டிவிடலாம், நாளைக் காலைக்குள் எப்படியாவது காயவைத்துவிடலாம் என்றான். பிறகு கைப்பேசியில் கடிகாரத்தைத் தட்டினான். வண்டியை மெதுவாகக் கவிழ்த்து ஒரு துணி மேல் வைத்தான். பிளேடை எடுத்தான். சேறு பூசிய சங்கிலியின் ஒரு கண்ணிக்கடியில் அதன் முனையை நுழைத்தான். டிக்கென்று ஒரு சத்தம். ஒரு கண்ணி துள்ளி மேசையில் விழுந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அவள் காத்திருந்தாள். இரண்டாவது கண்ணியும் விழுந்தது.

"அப்பா, நீங்க சொல்றீங்களா?"

அவர் திரும்பவில்லை. அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு மேசைக்கு வந்து, கணவனின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"பிளேடக் கீழ வைங்க. நீங்க கேட்டுக்கிட்டதுல ஒரு தப்பும் இல்ல." விழுந்த இரண்டு கண்ணிகளையும் மறு கையால் அவன் பக்கம் நகர்த்தினாள். "அப்பா டேங்க் ஓட்டினவர் இல்லங்க. ஒரு நாள்கூட ஓட்டினதில்ல."