உடையப்பன் எப்போது பிறந்தான்?

பதினோரு மணிக்கு, உடையப்பனுக்குப் பார்த்திருக்கும் சந்திரமதியின் அப்பா ஸ்கந்தராஜா வீடியோவில் கூப்பிடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையோடு ஒருதரம் முகம் பார்த்துப் பேசிவிட்டு அவர் மெல்பர்னுக்கு விமானம் ஏறுகிறார். திரும்பி வர ஆறு மாதம். எடுக்காவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வாராம்.

இன்றைக்கென்று பார்த்துத்தான் உடையப்பனின் போன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. சிம்பாங் பூலாய் கல்லுடைப்பில் லாரி ஓட்டும் நாற்பத்திரண்டு வயது உடையப்பன், தலைக்கு மை பூசி, சட்டையை இஸ்திரி போட்டு, கண்ணாடியில் ஒரு சுமாரான மாப்பிள்ளையைத் தேற்றி முடித்த நேரம், போன் அவனை யாரென்றே தெரியாது என்றுவிட்டது. ‘வணக்கம். இந்தச் சாதனத்தைச் செயல்படுத்தவும்.’

ஈப்போவில் தீபனின் போன் ரிப்பேர் கடைக்குப் போனால் அங்கே ஊரே நின்றது.

“அண்ணே, நீங்க பதினேழாவது ஆளு. அப்டேட் போட்ட எல்லாருக்கும் இதே கதைதான்.”

“சிம்மைக் கழட்டி உன் போன்ல போடு லா.”

“இது இ-சிம்ணே. கழட்ட என்ன இருக்கு?”

விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், வரிசை இரண்டாகப் பிளந்தது. “மாப்பிள்ளைக்கு வழி விடுங்க. என் போனு செத்து ரெண்டு நாளாச்சு, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்,” என்றாள் கருப்பம்மாள் அக்கா. அவளை உடையப்பன் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“கணக்குல இருக்கிற பொறந்த தேதியப் போடுங்கண்ணே. மூணு தடவைதான். தப்பாச்சுனா நாளைக்குத்தான்,” என்றான் தீபன்.

உடையப்பன் அடையாள அட்டையான ஐசியில் இருந்த டிசம்பர் முப்பத்தொன்றைப் போட்டான். எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி அந்த வருடம் பிறந்த பதினாலு பிள்ளைகளையும் வருடக் கடைசியில் ஒரே மூச்சாகப் பதிந்துவிட்டு வந்த நாள் அது. தவறு.

பெற்றவள் பொய் சொல்லமாட்டாள் என்று, தைப்பூசத்துக்கு மறுநாளான ஜனவரி முப்பதைப் போட்டான். அதுவும் தவறு. சொந்தப் பிறந்தநாளில் இரண்டு முறை பெயிலானவன் பேராக் மாநிலத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்குப் பட்டது.

மணி பத்து ஐம்பது. இரண்டு கடை தள்ளிப் புடவைக்கடையில் வேலை செய்யும் அக்கா கலாதேவியிடம் ஓடினான்.

“ஆகஸ்ட் பதினேழுடா. செவ்வாய் தோஷம் இல்லாம ஜோசியர் புதுசா ஒரு சாதகம் எழுதிக் குடுத்தார்ல? பொண்ணு வீட்ல போனைப் பார்த்தாலும் ஒண்ணா இருக்கணும்னு போன மாசம் நான்தான் அதுலயும் மாத்துனேன்.”

“எங்கிட்ட ஏங்கா சொல்லல?”

“சொன்னா நீ உளறிடுவ.”

அக்காவும் கூடவே ஓடிவந்தாள். ஆகஸ்ட் பதினேழைத் தட்டியதும் போன் கண் திறந்தது. கடை முழுக்கக் கைதட்டல். அது அடங்குவதற்குள் போன் மணி அடித்தது.

திரையில் ஸ்கந்தராஜா. பின்னால் பெட்டிகள், அவற்றின் பின்னால் பாதிச் சந்திரமதி.

“தம்பி, என்ன இவ்வளவு சனம்?”

“போன் ரிப்பேருக்கு வந்தவங்க, ஐயா.”

“சரி. சாதகம் பாத்தனான், நல்ல பொருத்தம். ஆகஸ்ட் பதினேழு தானே?”

கலாதேவி இடுப்பில் கிள்ளினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பாதி முகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லீங்க ஐயா. அது ஜோசியர் என்னைப் பெத்த நாளு. ஐசில இருக்கிறது கிராணி பெத்தது. எங்கம்மா பெத்தது ஜனவரி முப்பது. எனக்குச் செவ்வாய் இருக்கு.”

திரையில் அவர் அசையவேயில்லை. லைன் உறைந்துவிட்டதோ என்று உடையப்பன் போனை லேசாகத் தட்டினான்.

“தட்டாதையும், நான் இருக்கிறன்,” என்றார் அவர்.

சந்திரமதி முழுசாக முன்னால் வந்தாள். “அப்பா, சொல்லுங்கோவன்.”

ஸ்கந்தராஜா தொண்டையைச் செருமினார். “பிள்ளைக்கும் செவ்வாய் இருக்கு, தம்பி. நாங்களும் வேற ஒண்டு எழுதுவிச்சுத்தான் உங்களுக்குத் தந்தனாங்கள்.”

ரெண்டு பக்கமும் இருந்தால் தோஷமே இல்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். கருப்பம்மாள் அக்கா முன்பின் தெரியாத ஒரு சீனத் தாத்தாவுக்கு அதை மலாயில் விளக்கத் தொடங்கினாள்.

“ஆறு மாசம் வேண்டாம், மூண்டு மாசத்தில வாறன். மண்டபம் பாருங்கோ,” என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டு அவர் பெட்டியைத் தூக்கப் போனார்.

“ஐயா போயிட்டாரா?” என்றான் உடையப்பன்.

“போனை வைச்சிடாதேங்கோ,” என்றாள் சந்திரமதி. “திரும்ப ஆன் ஆகுமோ தெரியாது.”

அவன் வைக்கவில்லை.