நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

படம் வந்த மூன்றாம் நாள் மேகலா மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டாள். திருப்பனந்தாள் கடைத்தெருவில் அவளும் ஹலீமாவும் சேர்ந்து நடத்துகிற தையல் கடை. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. தைக்க வேண்டிய பிளவுஸ் துணி மூட்டையாகக் கிடந்தது. "திரும்பி வந்து பாத்துக்கலாம் வா" என்று ஹலீமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் ஏறினாள்.

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அது மாதங்கி எழுதிய கதை. கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதிய 'நாற்றங்காலில் ஒருவன்' என்ற நாவலைத்தான் 'மூணாம் நாள் மாப்பிள்ளை' என்று படமாக எடுத்திருந்தார்கள். புத்தகத்தை மேகலா படித்ததில்லை. கேட்கும்போதெல்லாம் மாதங்கி, "கையில காப்பி இல்லடி, அடுத்த தடவ வந்தா தரேன்" என்பாள். படத்துக்கு மட்டும் தானே போன் செய்தாள். "நீ படத்தப் பாரு. புக்கவிட படம் நல்லா வந்திருக்கு" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் வெளிநாடு போனவன் பிணமாகப் பெட்டியில் திரும்பி வருகிறான். மூன்றாம் நாள் சுடுகாட்டு மேட்டிலிருந்து எழுந்து வருகிறான். அவனோடு இன்னும் இருபது முப்பது ஜோம்பிகள். ஊரைக் கடிக்க வந்ததுகள் அத்தனையும் நடவு வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில் மாட்டிக்கொண்டு முழிக்க, நடவுப் பெண்கள் கையிலிருந்த நாற்று முடிக் கட்டாலேயே அதுகளை அடிக்கிறார்கள். தியேட்டரே உருண்டு சிரித்தது. பெண்டாட்டி மட்டும் தன் புருஷனை அடையாளம் கண்டுகொண்டு மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைக்கிறாள். கறிக்கடையில் பச்சை ஈரல் வாங்கி வந்து ஊட்டுகிறாள். அவள் பேசினால் அவன் பல் நறநறப்பு நின்றுவிடுகிறது. அவளை யாரென்று தெரியாமல் அவன் "சிஸ்டர்" என்று கூப்பிடும்போது மறுபடியும் தியேட்டர் சிரித்தது. மேகலாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

துரைராசு அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து ஊருக்கு வந்தவர் அவள் புருஷன். வந்த முதல் வருஷம் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் சாப்பிட்டார். மேகலாவை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு "சிஸ்டர், தண்ணி" என்றார். அதைக் கேட்டு அவள் அழுத அழுகை மாதங்கிக்குத்தான் தெரியும்.

'நம்ம கதையிலேர்ந்து ஒரு வார்த்த எடுத்து வெச்சிருக்கா' என்று மேகலா நினைத்துக்கொண்டாள். கோபம் வரவில்லை. தனக்கென்று பொதிந்து வைத்த ஒரு மிட்டாய்போல இருந்தது. ஏனென்றால் படத்தில் அவன் பிழைத்துக்கொள்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக விரல் அசைந்து, ஒரு வரிசை நாற்று நட்டு, கடைசியில் அவள் அவன் மார்பில் காது வைக்கும்போது டக்கென்று ஒரு துடிப்பு கேட்கிறது. மேகலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துரைராசுவும் அப்படித்தான் வந்தார். இரண்டாம் வருஷம் ஒரு காலையில் தானாக எழுந்து, வாய்க்காலுக்குப் போய், பக்கத்து வயலுக்கு வழிந்துகொண்டிருந்த தண்ணீரை மடை கட்டிவிட்டு வந்து, "மேகலா, கால் கழுவத் தண்ணி ஊத்து" என்றார். பேர் சொல்லி. இன்றைக்கும் பேச்சு தட்டித்தட்டித்தான் வரும். ஆனால் ஒன்பது மா நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

பஸ்ஸில் திரும்பும்போதே மாதங்கிக்கு போன் போட்டாள். "அழ வெச்சிட்டடி பாவி. ரெண்டு வருஷமா இத எங்கிட்ட காட்டாமலே இருந்திருக்கியே!" என்றாள். மாதங்கி ஏதோ ஒருமாதிரி சிரித்தாள். "புடிச்சிருந்துதா? அது போதும்டி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் கடையில் ஹலீமா சொன்னாள். "எம்மக பாத்திமா அந்த புக்க காலேஜ்ல வாங்கி வெச்சிருக்கா. முடிவே வேறயாம்ல? படத்துல கெடுத்துட்டானுங்கன்னு ஒரே சண்ட எங்கூட. இந்தா, நீ படிச்சிட்டுக் குடு. நான் இன்னும் தொடல."

பச்சை அட்டை. மாதங்கியின் போட்டோ பின்பக்கம். மேகலா அன்றைக்கு ஊசியையே எடுக்கவில்லை. முதல் ஐம்பது பக்கம் வரைக்கும் ஹலீமாவிடம் ஒப்பித்துக்கொண்டே போனாள். "சேத்துல மாட்டுற சீன் புக்குல இல்லவே இல்ல. புக்குல ஜோம்பி ஒண்ணே ஒண்ணுதான், புருஷன் மட்டுந்தான். அவனும் பெட்டியில வரல, நடந்தே வந்து சேர்றான்." "ஈரல் இல்ல, தயிர்சாதம்தான் பெசஞ்சு ஊட்டுறா, ஆறு சின்ன வெங்காயத்தோட." அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சரியாக ஆறு வெங்காயம் எண்ணி வைத்தால்தான் துரைராசு வாய் திறப்பார். அதற்கப்புறம் அவள் எதையும் ஒப்பிக்கவில்லை.

சுவரைப் பார்த்த நாற்காலி இருந்தது. ராத்திரி படுக்கை நனைவது இருந்தது. அவர் கையை ஓங்கிய அந்த ஒரு நாளும், அவள் திருப்பி அறைந்ததும் இருந்தது. மாதங்கியைத் தவிர யாரிடமும் சொல்லாததெல்லாம் வரிசையாக அச்சில் இருந்தது. படம் இது எதையும் தொடவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண்டாட்டி தன் சிநேகிதியிடம் சொல்கிறாள்:

"அவர் பெட்டியில வந்து சேந்திருந்தா ஒரு வாரம் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன்டி."

ஒரு எழுத்து மாறவில்லை. முதல் வருஷம், டாக்டரைப் பார்க்கக் கும்பகோணம் போன ஒரு நாள், அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு மாதங்கி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னது. மாதங்கி அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தானும் அழுதாள். "இது எங்கிட்ட வந்தாச்சு. இதோட போச்சு, நீ மறந்துடு" என்றாள்.

புத்தகத்தின் முடிவில் அவள் மதகைத் திறந்துவிடுகிறாள். வாய்க்காலுக்குள் நிற்கிற புருஷனின் தலைக்கு மேல் தண்ணீர் ஏறுவதைக் கரையில் நின்று பார்க்கிறாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகலா மாதங்கி வீட்டுக் கதவைத் தட்டினாள். மாதங்கி சந்தோஷமாகத்தான் கதவைத் திறந்தாள். கையில் இருந்த பச்சை அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"உள்ள வாடி. காபி போடறேன்."

"காபி குடிக்க வரல."

"பேரெல்லாம் மாத்திட்டேன் மேகலா. ஊர மாத்திட்டேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுது. படிச்சா அவருக்குத் தெரியும். ஆறு வெங்காயத்தக்கூட விடலியே நீ."

மாதங்கி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "படத்துல அந்த வரி வருதா பாத்தியா? வரல. டைரக்டர் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னார். நான் கெஞ்சி எடுக்க வெச்சேன். முடிவையும் மாத்தச் சொன்னேன். எல்லாம் உனக்காகத்தான்."

இதைக் கேட்டதும்தான் மேகலாவுக்கு எல்லாம் விளங்கியது. அதுவரை, தெரியாமல் செய்துவிட்டாள், எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது என்று எங்கேயோ ஒரு மூலையில் அவளுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப தப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

மாதங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படத்துலேர்ந்து எடுக்கத் தெரிஞ்சவளுக்கு புக்குலேர்ந்து எடுக்கத் தெரியலியா?"

"அந்த வரி இல்லன்னா அது புத்தகமே இல்லடி" என்றாள் மாதங்கி. மெதுவாகத்தான் சொன்னாள். பொய்யில்லாமல் சொன்னாள். "நான் இருபது வருஷமா எழுதறேன். அது ஒண்ணுதான் உசுரோட இருக்கிற வரி. அதுக்காகத்தான் மத்த பக்கமெல்லாம் எழுதினேன்."

"அது நான் ஒரு நாள் சொன்னது. ஒரே நாள். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் நான் அவரோட இருந்திருக்கேன். அவரு எந்திரிச்சு மடை கட்டினதச் சொல்ல உனக்குத்தான மொதல்ல போன் பண்ணேன்? அத ஏன் எழுதல?"

"அதத்தான் படத்துல..."

"படத்த எடுத்தவன் என்னைப் பாத்ததுகூட இல்ல. அவன் எழுதினதுதான் எனக்கு நடந்தது. நீ கூட இருந்தவ. நீ என்னை மதகத் தெறக்க வெச்சிட்ட."

மாதங்கி அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு மாடிப்படியில் அழுதாளே, அதே அழுகை. அன்றைக்கும் இதை எழுதப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டேதான் அழுதாளா என்று மேகலாவுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

புத்தகத்தை ஹலீமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். நாலு நாள் கழித்து ஹலீமா கடைக்கு வந்தவள், வழக்கம்போல "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்கவில்லை. பாபினில் நூல் சுற்றிக்கொண்டே குனிந்திருந்தாள். கேட்காமல் இருந்ததிலேயே அவள் படித்துவிட்டாள் என்று மேகலாவுக்குத் தெரிந்துபோயிற்று. முதலில் ஹலீமாவின் மகள், இப்போது ஹலீமா, அதற்கப்புறம் யாரோ ஒருவர் டீக்கடையில் துரைராசுவிடம், "ஒரு புக்கு வந்திருக்காம்ல" என்பார். அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் அவர் வயலிலிருந்து வந்து வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நடவு முடிந்து இருபது நாள். முதல் உரம் போட்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னாள். மாதங்கி எழுதிய புத்தகம், சிஸ்டர், வெங்காயம், எல்லாம். அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைப் பார்த்துச் சொன்னாள். அவருக்கு எதுவும் உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காத்திருந்தாள். அவர் மண்வெட்டியைத் துடைத்து மூலையில் சாய்த்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "அந்த டீச்சர் இனிமே... இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றார்.

மூன்று நாள் அவளிடம் பேச்சில்லை. சாப்பிட்டார், வயலுக்குப் போனார், வந்தார். மேகலாவுக்குப் பழைய நாற்காலி ஞாபகம் வந்தது. மாதங்கியிடமிருந்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி வந்தது. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாளாம். மேகலா பதில் போடவில்லை. பக்கத்தை எடுத்துவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடுமா? இல்லை, படித்தவர்கள்தான் படிக்காதவர்கள் ஆகிவிடுவார்களா?

நாலாம் நாள் காலை. இட்லி வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"ஒரு வாரந்தானா?" என்றார் துரைராசு.

"என்னங்க?"

"ஒரு வாரந்தான்... அழுதிருப்பியா?"

அவர் தலை நிமிரவில்லை. இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"பதினாறாம் நாள் காரியம்... முடியிற வரைக்குமாவது... அழுதிருக்கலாம்" என்றார்.

கோபமா, கேலியா, மனசு நொந்து சொல்கிறாரா? மூன்றுமாகத்தான் இருந்தது. மேகலா அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. "இன்னொரு இட்லி வைக்கட்டா?" என்றாள். அவர் தட்டை நகர்த்தினார்.

அவர் வயலுக்குப் போன பிறகு கடைக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தன்னையறியாமல் மறுபடியும் சிரிப்பு வந்தது. பதினாறாம் நாள் வரைக்குமாவது! அந்த மனுஷன் வாயிலிருந்து! இதை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. பையிலிருந்து போனை எடுத்துவிட்டாள். விரல் பழக்கத்தில் மாதங்கியின் பேரில் போய் நின்றது.

கேட்டால் எப்படிச் சிரிப்பாள் என்று மேகலாவுக்குத் தெரியும். சிரித்து முடித்துவிட்டு, "மறுபடி சொல்லு, எப்படிச் சொன்னார்?" என்று அந்த வார்த்தைகளைத் திரும்பச் சொல்லச் சொல்வாள். எத்தனையோ தடவை அப்படிக் கேட்டிருக்கிறாள். ஆசையாகக் கேட்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் மேகலா நினைத்திருந்தாள்.

பஸ் வந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினாள்.