கறுப்பு பூசிய படம்

வியாழக்கிழமை மதியம் மீன்துறையின் அறிவிப்பு வந்தது. ஆல்டர் ஆற்றில் இந்தக் குளிர்காலம் போதுமான ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து ஏறி வரவில்லை. நாளை முதல் மார்ச் கடைசிவரை யாரும் அங்கே தூண்டில் போடக்கூடாது. மொத்தம் இரண்டே வரி. அந்த இரண்டு வரி மார்லிஸ் எங்கெப்ரெட்டின் சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தொன்று. சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு, நேரே டோனெட்டின் வீட்டுக்குப் போனாள். டோனெட் அதே பள்ளியில் சமையல்காரி. பிப்ரவரி முதல் வாரக் கடைசி என்றால் இருவரும் ஆற்றில்தான் கிடப்பார்கள். பதினோரு வருடமாக இதில் மாற்றமில்லை.

"வேற ஆறே இல்லையாடி உலகத்துல?" என்றபடி டோனெட் மான்கறிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்தாள்.

ஆறுகளா இல்லை? ஓரிகன் மாநிலக் கடற்கரை முழுக்க ஆறுதான். ஆனால் தெரியாத ஆறு என்பது அடுத்தவர் வீட்டுச் சமையலறை மாதிரி. உப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும். ஆல்டரில் எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மற்ற ஆறுகளில் வண்டியை எங்கே நிறுத்துவது என்றுகூடத் தெரியாது.

தெரியாது என்பதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. கைபேசியில் ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டத்தையும் எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமை பெய்த மழைக்கு எல்லாக் கோடுகளும் எகிறி, இப்போது இறங்கிக்கொண்டிருந்தன. தெற்கே இருக்கும் ஷெல்டன் பெரிய ஆறு. இறங்கினாலும் நாலு நாளைக்குச் சேறு தெளியாது. அதற்குப் பக்கத்தில் கெட்டில். சின்ன ஆறு, ஒரே நாளில் பச்சையாகத் தெளிந்துவிடும். மீன் ஏறுவதற்கு அந்தப் பச்சைதான் வேண்டும்.

"சனிக்கிழமை காலைல கெட்டில் கச்சிதமா இருக்கும்" என்றாள் மார்லிஸ்.

"இருக்கும். முப்பது மைலு, ரெண்டு கரையும் தனியார் நிலம். எந்த இடத்துல இறங்குவ? பாராசூட்லயா?"

கேட்டுத்தான் பார்ப்போமே என்று போனை எடுத்தார்கள். ஷெல்டன் பக்கத்துத் தூண்டில் கடைக்காரர், "இந்த மாதிரி ஒரு வருஷத்த நான் பார்த்ததே இல்லம்மா, கண்ண மூடிக்கிட்டு கெளம்பி வாங்க!" என்றார். கெட்டில் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துப் பெண்மணியோ, "மீனா? இந்த ஆத்துலயா? தவளகூட இல்ல" என்று பட்டென்று வைத்துவிட்டாள்.

டோனெட் விழுந்து விழுந்து சிரித்தாள். "கடைக்காரன் இருக்குன்னா இல்ல. ஊர்க்காரி இல்லன்னா இருக்கு. கெட்டில்ல மீன் கொட்டிக் கெடக்குடி!"

எங்கள் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் மற்ற எதில் பொய் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆற்றைப் பற்றி உண்மை பேச மாட்டார்கள். பாதிரியாரே ஆனாலும் சரி, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால், "தண்ணியிலதான்" என்பார். ஆனால் பிடித்த மீனைக் காட்டாமலும் இருக்க மாட்டார்கள். ரகசியமும் வேண்டும், பெருமையும் வேண்டும். அதனால் இணையத்தில் மீன் படத்தைப் போடும்போது பின்னால் தெரியும் மரம், மலை, பாலம் எல்லாவற்றின் மேலும் கறுப்பைப் பூசிவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு மீனும் இரண்டு கையும்தான் மிச்சம்.

அப்படி ஒரு படத்தைத்தான் டோனெட் தோண்டி எடுத்தாள். போன வாரத்துப் படம். "அம்மாடி, இதப் பாரேன்! பதினஞ்சு பவுண்டு இருக்கும். முகத்தையும் வெட்டிட்டான் பாவி."

மார்லிஸ் பார்த்தாள். மீனைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. மரம் இழுக்கும் சங்கிலி இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கடித்துக்கொண்டு போனது. அன்றைக்கு அந்தக் கையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"ராய்ஸ்" என்றாள்.

டோனெட்டின் சிரிப்பு அப்படியே நின்றது. ராய்ஸ் மார்லிஸின் அண்ணன். காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், அதே ஊரின் மறுகோடியில் இருக்கிறான். நாலு வருடமாகத் தங்கையிடம் பேச்சில்லை.

தப்பு மார்லிஸ்மேல்தான், அதை அவளே எவரிடமும் மறைத்ததில்லை. அவன் இருபது வருடமாக யாருக்கும் காட்டாத இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனான். அவள் தன் வாழ்நாளிலேயே பெரிய மீனை அங்கே பிடித்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் படத்தை இணையத்தில் போட்டாள். பின்னால் ஒரு பிளந்த பாறை தெரிந்ததை அவள் கவனிக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் நாற்பது வண்டிகள். கரையெல்லாம் பீர் டப்பா. நிலத்துக்காரர் அந்த வாரமே கேட் போட்டுப் பூட்டிவிட்டார். ராய்ஸ் வந்து வாசலில் நின்றான். கத்துவான், நாலு வார்த்தை கேட்பான் என்று பார்த்தாள். அவன் தன் லாரியில் கிடந்த அவளுடைய மழைக்கோட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அவ்வளவுதான். வருடாவருடம் குடும்பம் கூடும் நன்றிநாள் விருந்தில்கூட மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கை நீட்டும்போது அடுத்தவரைப் பார்த்துத்தான் நீட்டுவான். நாலு வருடமாக அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

"அப்போ இது எந்த ஆறு?" டோனெட் மெல்லக் கேட்டாள்.

மார்லிஸ் படத்தைப் பெரிதாக்கினாள். கேட்காமலே இருந்திருந்தாலும் அவள் பெரிதாக்கியிருப்பாள். கறுப்பு, கறுப்பு, எங்கே பார்த்தாலும் கறுப்பு. சுவருக்குத் தார் அடித்த மாதிரி ஆசாமி கவனமாகத்தான் பூசியிருந்தான். ஆனால் முழங்கைக்கும் மீனின் வயிற்றுக்கும் நடுவில், நகத்தளவு முக்கோணம் ஒன்று தப்பியிருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் இரண்டு சின்ன வளைவுகள். இரண்டாவது வளைவு உடைந்து, குறுக்கே ஓர் இரும்புக் குழாய்.

"பாலத்துக் கைப்பிடி" என்றாள்.

"இந்தக் கடற்கரையில எல்லாப் பாலமும் வளைவுதான்."

"குழாய் வச்சு ஒட்டுப்போட்ட பாலம் ஒண்ணுதான். கூடைப்பந்து பசங்கள மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனப்ப அதுமேல முக்கா மணி நேரம் மாட்டிக்கிட்டு நின்னேன். முன்னாடி லாரி படுத்திருச்சு. முப்பது பசங்க பாடின பாட்டுல காது கிழிஞ்சுது. பார்க்க வேற என்ன இருந்தது? அந்தக் குழாயத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்." அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள். "கெட்டில். மலைப்பக்கத்து மேல்பாலம். அவன் எறங்கியிருக்கான்னா எறங்க வழி இருக்கு."

டோனெட் எழுந்து நின்று கைதட்டினாள். "அடி சக்க! தண்ணி கச்சிதம், எடம் கெடச்சாச்சு! நாளைக்கு சாயங்காலமே கெளம்பறோம்!"

மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது. சொல்லாமல் போய் அங்கே நின்றால், இரண்டாவது தடவையும் அவன் இடத்தைத் திருடினவள் ஆவாள். அப்புறம் ஜென்மத்துக்கும் அண்ணன் கிடையாது. மீனுக்காகவா அதை இழப்பது?

"அவன்கிட்ட கேக்கறேன்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? எந்தத் திருடியாவது போன் போட்டுக் கேட்டுட்டு வருவாளா?"

"திருடியா ஆகக்கூடாதுன்னுதான் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். நாலாவது தடவை மணி அடித்ததும் ராய்ஸ் எடுத்தான். "சொல்லு" என்றான். நாலு வருடத்துக்குப் பிறகு ஒரே ஒரு சொல்.

"ஆல்டர மூடிட்டாங்க."

"தெரியும்."

"உன் படத்தப் பார்த்தேன். கைய வச்சுக் கண்டுபிடிச்சேன். எந்தப் பாலம்னும் தெரிஞ்சிருச்சு. கெட்டில். யார்கிட்டயும் சொல்லல, டோனெட் மட்டும் பக்கத்துல இருக்கா. வராதன்னு சொல்லு, வரமாட்டோம். இனிமே எப்பவும் வரமாட்டோம். உன்னக் கேக்காம போகக்கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடுவது மட்டும் கேட்டது.

"கெட்டிலா?" என்றான் கடைசியில். குரலில் ஒரு நெளிவும் இல்லை. "அங்க மீனே இல்ல. அது பழைய படம். வீணா பெட்ரோல கொட்டாதீங்க. ஷெல்டனுக்குப் போங்க, அங்கதான் நல்லா இருக்கு." வைத்துவிட்டான்.

டோனெட் மேசையில் ஓங்கித் தட்டினாள். "இல்லன்னுட்டான்! அப்போ இருக்கு! நான் சொல்லல?" என்றவள், மார்லிஸின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மார்லிஸ் அழுதுகொண்டிருந்தாள். "திட்டியிருக்கலாம்டி. வராத, என் மூஞ்சியிலயே முழிக்காதன்னு சொல்லியிருக்கலாம். பெட்ரோல் போடறவன்கிட்ட சொல்ற பொய்ய என்கிட்ட சொல்றான். நான் அவனுக்கு யாரோ ஆயிட்டேன்."

டோனெட் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மார்லிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தைத் திருப்பி விரித்தாள். ஷெல்டன் பக்கம் ஒரு மலிவு விடுதியைத் தேடிப்பிடித்து இரண்டு படுக்கைக்குச் சொல்லி வைத்தாள். டோனெட் பல்லைக் கடித்தாள்.

"அது சேறுடி. காபித் தண்ணி மாதிரி இருக்கும். அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் போகணுமா?"

"ஷெல்டன் போகச் சொன்னான். போறேன்."

"வீம்பு! ஒரே ரத்தம், வேற எப்படி இருக்கும்?"

அதில் வீம்பு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று மார்லிஸுக்கே புரியவில்லை. அவன் சொல்லி ஒரு காரியத்தை அவள் கடைசியாகக் கேட்டு நடந்தது எப்போது? நினைவுக்கு வரவில்லை. டோனெட் முனகிக்கொண்டே ஷெல்டன் சேற்றுக்கு ஏற்ற பெரிய சிவப்பு இரைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

போன் அடித்தது. ராய்ஸ்.

"எங்க போறதா முடிவு பண்ணின?"

"ஷெல்டன். அறைகூட சொல்லியாச்சு."

"அது கலங்கிக் கெடக்குது. நீ தண்ணிமட்டம் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா?"

"நீதான போன்னு சொன்ன?"

அவன் வீட்டில் தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள், அவனாகத்தான் இருக்கும்.

"நான் சொன்னது பொய்" என்றான் ராய்ஸ்.

அவள் போனை மறுபடி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"எழுதிக்க. வண்டியப் பாலத்துக்கிட்ட நிறுத்தாத, எல்லாரும் பார்ப்பாங்க. அரை மைலு தாண்டி ஒரு பழைய மாதாகோயில் இருக்கு, அதுக்குப் பின்னாடி விடு. பாலத்துக்குக் கீழ நுரைச்சு ஓடற தண்ணி அடங்கற எடத்துலதான் போடணும். அங்க வர்றவன் ஒவ்வொருத்தனும் எதிர்க்கரைக்கு வீசுவான், முட்டாப்பயலுக. மீன் இந்தக் கரையிலதான் நிக்கும், உன் காலடியில. அதனால தண்ணியில எறங்காத. டோனெட்டையும் எறங்க விடாத, அவ எருமை மாதிரி கலக்கிடுவா."

"கேக்குது!" என்று டோனெட் கத்தினாள்.

"கேக்கட்டும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோயில்லருந்து கீழ எறங்கற பாதை வழுக்கும். விடியறதுக்கு முன்னாடி உனக்கு வழி தெரியாது. சனிக்கிழமை காலைல அஞ்சரைக்கு அங்க வந்து நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மார்லிஸ் பேனாவைப் பிடித்திருந்தாள். மாதாகோயில் என்பதற்குமேல் ஓர் எழுத்தும் எழுதவில்லை. "சரி" என்றாள், மறுபடியும் "சரி" என்றாள்.