ஊர் சுற்றிக் காட்டும் வேலை

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். லைசென்ஸ் எனக்கும் உண்டு. அவர் பக்கத்தில் உட்காராத வரைக்கும் நன்றாகவே ஓட்டுவேன்.

அவர் உலகத்தை முன்கண்ணாடி வழியாக மட்டும்தான் பார்ப்பார். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போய் வந்தால் சாப்பாடு எப்படி என்று சொல்ல மாட்டார், அந்தத் தெருவில் வண்டி திருப்ப இடமில்லை என்பார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் அண்ணனிடம், "ஆம்புலன்ஸ் எந்த ரூட்ல வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டார். அண்ணனும் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னார்.

இப்படிப்பட்ட மனுஷரோடு ஒரு சனி, ஞாயிறு, ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். சுற்றிப் பார்க்க என்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளத்தான். எங்கள் ஒரே மகன் அங்கே இருந்தான். அப்பாவும் மகனும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு போர்டு. மகன் படிப்பை முடித்ததும் ஸ்கூலை எடுத்து நடத்துவான் என்று இவராகவே முடிவுகட்டி, வாசல் போர்டில் 'அண்ட் சன்' என்று எழுத வைத்துவிட்டார். எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பெயின்டரைக் கேட்டார். மகனைக் கேட்கவில்லை. அவனோ பழைய நகரத்தில் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்லும் கைடு வேலையில் சேர்ந்துவிட்டான்.

"ஊர் சுத்திக் காட்டுறதெல்லாம் ஒரு வேலையா? குடையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடக்கிறதுக்குச் சம்பளமா?" என்றார் இவர்.

"நீங்களும் நம்ம ஊரச் சுத்திச் சுத்தித்தானேப்பா சம்பாதிக்கிறீங்க?" என்றான் அவன்.

அத்தோடு சரி. இவர் போர்டில் அந்த இரண்டு வார்த்தையின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். நடுவில் நான், அவனிடம் போனிலும் இவரிடம் நேரிலும் பேசிக்கொண்டு, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குப் பாதி மறைத்துச் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

நாங்கள் போவதற்கு முந்தின வாரம் மகன் கூப்பிட்டான். "அம்மா, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மணிக்கூண்டுகிட்ட இருந்து என் டூர் கிளம்பும். இங்க இதுதான் எனக்குக் கடைசி. கம்பெனி என்னை வெளிநாட்டுக்கு அனுப்புது. திரும்பி வர வருஷக்கணக்காகும். அப்பாவையும் கூட்டிட்டு வாயேன். பேசக்கூட வேணாம். பின்னாடி நின்னு கேட்டாப் போதும்."

இவரிடம் சொன்னேன். எகிறுவார் என்று பார்த்தால், "சரி, போவோம். பழைய ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கார்லதான் போகணும் என்று ஒரே பிடி. ரயில் ஏறினால் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஸ்கூல் கார் ஒன்றுதான். கூரையில் பெரிய எல் போர்டு, கதவில் போன் நம்பர், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் காலடியில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு பிரேக். அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தேன். கிளம்பும்போதே, "கால மடக்கி வச்சுக்க" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தோம். பழைய நகரம் அழகுதான், ஆனால் அந்த அழகு அதற்கே தெரிந்திருந்தது. நகராட்சி எதையும் சும்மா விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றிலும் ஒரு பலகை. ஒரு வீட்டில், யாரோ ஒரு தளபதி போருக்குப் போகும் வழியில் இங்கே ஒரு ராத்திரி தூங்கினார் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டில், அவருடைய குறட்டை இங்கே கேட்டது என்று எழுதாததுதான் பாக்கி. பழைய சிறைச்சாலை இப்போது ஹோட்டல், கம்பி போட்ட ஜன்னல் இருக்கும் அறைக்கு வாடகை கூடுதலாம். குதிரை லாயத்தில் சாக்லேட் விற்கிறார்கள். அரைகுறையாக இடிந்து நின்றால் பாரம்பரியம், முழுசாக நின்றால் அதைச் சுற்றிச் சாரம் கட்டிப் பழுது பார்க்கிறார்கள். ஜனங்களும் சாரத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் நான் கார் ஜன்னல் வழியாகப் பார்த்தது. இறங்கினால்தானே கிட்டப் போய்ப் பார்க்க.

"ஐயோ, அந்தக் கல்பாலத்தப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!"

"எதிர்ல ஒரு லாரி வந்தா என்ன பண்ணுவான்? கட்டினவனுக்கு அறிவே இல்ல."

"கட்டினப்ப லாரியே கிடையாதுங்க."

"முன்யோசனை வேணாமா?"

நகர மண்டபத்தைக் காட்டினேன். வாசல் படி சாலையை நெருக்குகிறது என்றார். சந்தை மண்டபத்தின் தூண்களைக் காட்டினேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஆள் குறுக்கே வந்தால் தெரியாது என்றார். ஆறு ஒரு சுற்றில் என் பக்கம் வந்தது, அடுத்த சுற்றில் அவர் பக்கம் போனது. தண்ணீர் என்ன நிறம் என்றுகூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

வண்டி நிறுத்த இடம் தேடுகிறோம் என்பது பேச்சு. ஒரு இடம் காலியாக இருந்தது. மரத்தடி, பறவை எச்சம் போடும் என்றார். இன்னொன்று சரிவு. இன்னொரு இடத்தில் பக்கத்து வண்டிக்காரன் கோணலாக நிறுத்தியிருந்தான். "சக்கரத்த நேராக்காம இறங்கிப் போயிருக்கான். இவனெல்லாம் கதவைத் திறக்கிறப்ப பாத்துத் திறப்பானா?" சாயங்காலம் வரை அந்த ஊரின் பாரம்பரியத்தை வலம் வந்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு லாட்ஜில் போய் விழுந்தோம். காரிலேயே உட்கார்ந்து என் கால் வீங்கிப்போயிருந்தது. பட்டணத்தில் வண்டிகள் பெருத்துவிட்டன, சனிக்கிழமைக் கூட்டம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இரண்டு முறை ஷேவ் செய்தார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி முன் நின்று காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஏதாவது கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று நகரத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கடைகள் பாதி மூடியிருந்தன, வரிசையாக இடம் காலி. இவரோ ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இங்கே வெயில். அங்கே குழாய் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றோரத்தில் ஒரு மைதானமே காலியாகக் கிடந்தது. ஒரு பஸ் கம்பெனியே வந்து நிறுத்தலாம்.

"இங்க நிறுத்துங்களேன்."

"ஆத்துல தண்ணி ஏறினா?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கை, முதல் நாள் வகுப்புக்கு வரும் ஆள் மாதிரி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவருக்கு இடம் கிடைக்காமல் இல்லை. இறங்கப் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை முன்னால் போய் நிற்க இந்த மனுஷர் பயந்து சாகிறார். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் கோபம்தான் அதிகம், ஏனென்றால் மணிக்கூண்டு மூன்று அடித்துக்கொண்டிருந்தது.

மணிக்கூண்டுக்கு அடியில் மகன் மஞ்சள் குடையோடு நின்றான். அவனைச் சுற்றிக் கழுத்தில் கேமராவும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம். நாங்கள் அவனைத் தாண்டிப் போனோம். ஒரு சுற்று சுற்றி மறுபடியும் வந்தோம். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், தெருமுனையைப் பார்த்தான், பிறகு குடையைத் தூக்கினான். கூட்டம் நகர ஆரம்பித்தது.

"நிறுத்துங்க."

"இங்க நோ பார்க்கிங்."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. அந்தப் பக்கம் ஒரு நல்ல இடம்..."

மடக்கி வைத்திருந்த காலை நீட்டி, அந்தத் தனி பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

கார் நகர மண்டபத்துக்கு எதிரே, நட்டநடுத் தெருவில் குலுங்கி நின்று அணைந்துபோனது. பின்னால் ஒரு டாக்ஸி, அதன் பின்னால் மாடி பஸ். எல்லாம் சேர்ந்து ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன.

"என்ன காரியம் பண்ண நீ! பின்னாடி என்ன வருதுன்னு பாக்காம பிரேக் போடலாமா?"

"கண்ணாடியில பாத்துட்டுத்தான் போட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

டாக்ஸிக்காரர் இறங்கி வந்தார். எல் போர்டைப் பார்த்தார், இவருடைய நரைத்த தலையைப் பார்த்தார். மனசு இளகிவிட்டது. "பெரியவரே, பதறாதீங்க. முதல்ல நியூட்ரல்ல போடுங்க. நியூட்ரல் தெரியுமில்ல? நடுவுல இருக்கும்" என்றார்.

நடைபாதையில் நின்ற ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம், "பாருங்க, இந்த வயசுலயும் கத்துக்கிறாரு. நீங்களும்தான் இருக்கீங்களே" என்றாள். மாடி பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து எங்களைப் போட்டோ எடுத்தார்கள். அவர்கள் பார்க்க வந்த நகர மண்டபம் எங்களுக்குப் பின்னால்தான் இருந்தது, அதை ஒருத்தரும் எடுக்கவில்லை. நான் யார் தெரியுமா என்று கேட்க மாஸ்டர் நினைத்திருப்பார். கேட்டிருந்தால் மானம் இன்னும் போயிருக்கும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சள் குடை வந்தது.

மகன் என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். காருக்குப் பின்னால் போய், குடையை நீட்டி டாக்ஸியையும் பஸ்ஸையும் நிறுத்தினான். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு வண்டிக்கு இடம் இருந்தது. "ரிவர்ஸ் வாங்கப்பா" என்றான்.

இந்த மனுஷருக்கு யாரும் ரிவர்ஸ் சொல்ல முடியாது. சொன்னால், எனக்கா சொல்றே என்பார். அன்று சொல்லவில்லை. மறுபேச்சில்லாமல் கியரைப் போட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகப் பின்னால் வந்தார்.

"வாங்க... வாங்க... கொஞ்சம் ஒடிங்க... அப்படியே வாங்க... போதும்ப்பா. போதும். அப்பா, போதும்!"

டமார் என்றது. ஓரத்தில் நட்டிருந்த இரும்புக் கம்பத்தில் பின் பம்பர் போய் உட்கார்ந்தது. மகனுடைய கூட்டம் இதுவும் டூரில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது.

இவர் இறங்கி வந்து நசுங்கிய பம்பரைப் பார்த்தபடி நின்றார். இவ்வளவு பேர் முன்னால் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். மகனுக்கும் அதே நினைப்பு போலிருக்கிறது. அவசரமாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, தன் தொழில் குரலை எடுத்தான்.

"இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு வரலாறு இருக்குன்னு சொன்னேன்ல? இந்தக் கம்பத்துக்கு மட்டும் இல்ல. போன வருஷம்தான் நட்டாங்க. இன்னைக்கு இதுக்கும் ஒண்ணு கிடைச்சிருச்சு. இவர் டிரைவிங் மாஸ்டர். எத்தனையோ பேருக்குக் கத்துக்கொடுத்தவரு. இத்தனை வருஷத்துல எங்கயும் ஒரு கீறல் போட்டதில்ல. முதல் தடவையா இடிச்சது இந்தக் கம்பத்துலதான்." கொஞ்சம் நிறுத்தினான். "எங்க அப்பா."

எல்லாரும் கம்பத்தைப் போட்டோ எடுத்தார்கள்.

"முதல் தடவை இல்ல" என்றார் இவர்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. பம்பரைத் தடவிக்கொண்டே பேசினார். "நீ பொறந்து, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு, நம்ம கேட்டுலயே கொண்டுபோய் இடிச்சேன். பின்சீட்டுல உங்கம்மா உன்னை மடியில வச்சுக்கிட்டுத் தூங்கிட்டா. நான் கண்ணாடியில உன்னையே பாத்துக்கிட்டு வந்தேன். கேட்டு வந்தது தெரியல."

தூக்கம் கலைந்து கேட்ட என்னிடம், பால்வண்டிக்காரன் வந்து இடித்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். அந்த ஆளை நான் தெருவில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டிருக்கிறேன். அவன் கடைசி வரை நான் இல்லம்மா, நான் இல்லம்மா என்று அழாத குறையாகச் சொன்னான். அவனிடம் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

"இப்ப கம்பம் தெரியலையாப்பா?" என்று கேட்டான் மகன். தொழில் குரல் எங்கேயோ போய்விட்டது.

"கம்பத்த யாருடா பாத்தா?" என்றார் இவர்.

மகன் குடையை மடக்கினான், விரித்தான், மறுபடியும் மடக்கினான். கேமராக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் மூக்கைச் சிந்தியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்து கல்பாலம். எல்லாரும் வாங்க" என்று நடக்க ஆரம்பித்தான். கூட்டம் அவன் பின்னால் போனது. போனில் அவன் சொன்னபடி நாங்கள் இரண்டு பேரும் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

பத்தடி போனதும் அவன் நின்று திரும்பினான்.

"பின்னாடி நின்னா ஒண்ணும் கேக்காதுப்பா. முன்னாடி வாங்க."

இவர் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு, என்னைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போனார்.